"ஜைப்" என்று குரல் கேட்டால் குனிந்துவிடுங்கள்! பாய்மரப் படகில் தலையைக் காக்கும் வார்த்தைகள்

(நமது நிருபர்)

1998-ம் ஆண்டு ஜூன் மாதம். நடுராத்திரி நேரம். பிரிட்டனில் வேல்ஸ் கரைக்கு அப்பால் ஒரு பழைய பாய்மரப் படகு போய்க்கொண்டிருந்தது.

படகின் பெயர் பென் டூயிக். அதன் சொந்தக்காரர் எரிக் தபார்லி. வயது 66. பிரான்ஸ் நாட்டில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தன்னந்தனி ஆளாகக் கடக்கும் பந்தயத்தில் 1964-லும் 1976-லும் முதலாவதாக வந்த சூரர்.

அன்று ராத்திரி பாயை மாற்றும் வேலை நடந்தது. அலையில் படகு ஒரு ஆட்டம் ஆடியது. பாயின் மேல் விளிம்பைத் தாங்கும் கட்டை வேகமாக வந்து அவரை அடித்தது. அடுத்த நொடி ஆள் கடலில்!

உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. கூட இருந்தவர்கள் இருட்டில் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கழித்து ஒரு மீன்பிடி படகின் வலையில் அவருடைய உடல் சிக்கியது.

ஆயுசு முழுக்கக் கடலில் கழித்தவருக்கே இந்தக் கதி! அப்படியானால் முதல் தடவையாகப் படகில் கால் வைக்கிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

நம்ம ஊர் பிள்ளைகள்

"பாய்மரப் படகெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று நினைக்காதீர்கள்.

சென்னை துறைமுகத்துக்குள்ளேயே பாய்மரப் படகு சங்கம் இருக்கிறது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று பெயர். 1911-ல் ஆரம்பித்தது. துறைமுகத்தைக் கட்டி வளர்த்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆரம்பித்து வைத்தார்.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் 4 பேர். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர், வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன். நாலு பேருமே தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள்! ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரும் நேத்ராவுக்குத்தான். 2023-ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் விஷ்ணு வெண்கலப் பதக்கம் வாங்கி வந்தார்.

இதையெல்லாம் படிக்கும் பையன்களும் பெண்களும் "நானும் கத்துக்கறேன்" என்று அப்பா கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கரையிலேயே சில வார்த்தைகளை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். அலங்காரத்துக்காக வைத்த வார்த்தைகள் அல்ல அவை. உயிர் காக்கும் வார்த்தைகள்!

கண்டக்டர் விசில் மாதிரி

பஸ்ஸில் தினம் போகிறீர்கள். கண்டக்டர் "ரைட்... ரைட்" என்கிறார். டிரைவர் வலது பக்கம் திரும்புகிறாரா? இல்லை. நேரே வண்டியை எடுக்கிறார். ஒரு விசில் அடித்தால் நிற்கிறது, இரண்டு விசில் அடித்தால் கிளம்புகிறது. "அய்யா டிரைவரே, கூடையோடு ஏறிய அம்மா உள்ளே வந்துவிட்டார், இனி கிளம்பலாம்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி டெப்போ போய்ச் சேராது.

படகிலும் அதே கதைதான். காற்று இரைச்சல், அலைச் சத்தம், பாய் படபடக்கும் ஓசை. இதற்கு நடுவே நீளமாகப் பேச நேரமில்லை. ஒரு வார்த்தை, ஒரு வேலை. அந்த வார்த்தைக்கு எல்லோருக்கும் ஒரே அர்த்தம். அர்த்தம் பிசகினால் ஆபத்து!

இடது, வலது கிடையாது

முதல் பாடம் இதுதான். படகில் இடது கை, வலது கை என்று பேசக் கூடாது. காரணம் சுலபம். ஒருவர் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். எதிரே இருப்பவர் பின்பக்கம் பார்த்திருப்பார். ஒருவருக்கு இடது, இன்னொருவருக்கு வலது. "இடது பக்கக் கயிற்றை இழு" என்றால் இரண்டு பேரும் இரண்டு கயிற்றை இழுப்பார்கள்!

ஆகவே படகுக்கே பக்கம் வைத்துவிட்டார்கள். முன்பக்கம் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் "போர்ட்". வலது கைப் பக்கம் "ஸ்டார்போர்ட்". நீங்கள் எப்படித் திரும்பி நின்றாலும் அந்தப் பெயர் மாறாது.

அந்தக் காலத்தில் சுக்கானுக்குப் பதிலாகப் பெரிய துடுப்பு ஒன்றைப் படகின் வலது பக்கத்தில் கட்டி ஓட்டினார்கள். "ஓட்டும் பக்கம்" என்ற பழைய ஆங்கிலச் சொல்தான் ஸ்டார்போர்ட் ஆனது. துடுப்பு நசுங்கக் கூடாது என்று இடது பக்கத்தைத் துறைமுகச் சுவரோடு அணைத்துக் கட்டினார்கள். அது போர்ட்.

இடது பக்கத்துக்கு முன்பு "லார்போர்ட்" என்று ஒரு பெயர் இருந்தது. ஸ்டார்போர்ட், லார்போர்ட்... காற்றில் கத்திப் பாருங்கள். இரண்டும் ஒன்று போலக் கேட்கும். இந்தத் தொல்லையை ஒழிக்க 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை "இனி லார்போர்ட் கிடையாது, போர்ட்தான்" என்று உத்தரவே போட்டது. ஒரு வார்த்தைக்காக ஒரு சர்க்கார் உத்தரவு!

ராத்திரியில் விளக்கும் உண்டு. போர்ட் பக்கம் சிவப்பு. ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை.

படகின் முன்பகுதி ஆங்கிலத்தில் "பௌ". நம்ம மீனவர்கள் "அணியம்" என்பார்கள். பின்பகுதி "ஸ்டெர்ன்".

டைட்டானிக் கப்பலில் போட்ட சத்தம்

படகின் பின்னால் தண்ணீருக்குள் தொங்கும் பலகை சுக்கான். அதைத் திருப்பும் கைக்கட்டை "டில்லர்". இதில்தான் புதுசாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். டில்லரை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும். வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் போகும். ஸ்கூட்டர் ஹேண்டில்பார் நினைப்பில் தள்ளினால் நேரே போய் முட்ட வேண்டியதுதான்.

1912 ஏப்ரல் 14-ந் தேதி ராத்திரி டைட்டானிக் கப்பலுக்கு முன்னால் பனிப்பாறை தெரிந்ததும் அதிகாரி போட்ட உத்தரவு என்ன தெரியுமா? "ஹார்ட் எ ஸ்டார்போர்ட்!" ஸ்டார்போர்ட் என்றால் வலது. ஆனால் கப்பல் திரும்பியது இடது பக்கம்! இதில் யார் மீதும் தப்பில்லை. டில்லரை எந்தப் பக்கம் தள்ளுவது என்று சொல்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். ஸ்டார்போர்ட் என்றால் கப்பல் போர்ட் பக்கம் போகும்.

1930-களில் நாடுகள் கூடி இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டின. இன்றைக்குக் கப்பலில் ஸ்டார்போர்ட் என்று உத்தரவிட்டால் கப்பல் ஸ்டார்போர்ட் பக்கம்தான் போகும். ஆனால் சின்னப் படகில் டில்லர் இன்றும் எதிர்ப்பக்கம்தான் தள்ளப்படுகிறது. மறக்க வேண்டாம்!

ஷீட் என்றால் துணி அல்ல!

இது இரண்டாவது ஏமாற்று. "ஷீட்டை இழு" என்று கத்துவார்கள். புது ஆள் பாயைப் பிடித்து இழுப்பார். தப்பு! ஷீட் என்பது கயிறு. பாய் எவ்வளவு தூரம் வெளியே போகலாம் என்று பிடித்து வைக்கும் கயிறு. பெட்ஷீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பாயை மரத்தின் உச்சிக்கு ஏற்றும் கயிறு வேறு. அதன் பெயர் "ஹால்யார்ட்". நம் கடற்கரைத் தமிழில் அதற்கு "ஆஞ்சான்" என்று பெயர் உண்டு.

நடுவில் நிற்கும் பெரிய பாய் "மெயின்செயில்". முன்னால் இருக்கும் சின்னப் பாய் "ஜிப்". மெயின்செயிலின் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு படுக்கை வாட்டில் ஒரு கட்டை நிற்கும். அதுதான் "பூம்". டச்சு பாஷையில் பூம் என்றால் மரம். அந்த மரம் மண்டையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

படகின் வயிற்றிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பலகை "சென்டர்போர்டு". பக்கவாட்டில் காற்று தள்ளும்போது படகு நழுவிப் போகாமல் இது பிடித்துக்கொள்ளும்.

குழந்தைகள் பழகும் படகுக்கு "ஆப்டிமிஸ்ட்" என்று பெயர். சுமார் 7¾ அடி நீளம். ஒரே பாய், ஒரே ஆள். 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்து கொடுத்த படகு. அதில் 15 வயது வரைதான் போட்டிக்கு விடுவார்கள்.

வார்த்தைகள் எல்லாம் அங்கேயிருந்து இங்கே வந்தவையா? இல்லை! நம்ம சொத்தும் ஒன்று அங்கே போயிருக்கிறது. "கேட்டமரான்" என்று உலகம் பூராவும் சொல்கிறார்களே, அது நம்ம கட்டுமரம்தான்! 1697-ல் வெளியான புத்தகத்தில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். வார்த்தை கப்பலேறிவிட்டது. ஆனால் இன்றைக்கு கேட்டமரான் என்று விற்பது இரண்டு உடம்பு வைத்த படகு. அந்த உருவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் மட்டும் நம்முடையது.

காற்று எங்கேயிருந்து வருகிறது?

படகில் ஏறியதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. காற்றுக்கு அது வரும் திசையை வைத்துத்தான் பெயர். வடக்கே இருந்து வந்தால் வாடை. கிழக்கே இருந்து வந்தால் கொண்டல். தெற்கே இருந்து வந்தால் சோழகம். மேற்கே இருந்து வந்தால் கச்சான். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

காற்று வரும் பக்கம் "விண்ட்வர்ட்". காற்று போகும் பக்கம் "லீவர்ட்". சின்னப் படகில் பெரும்பாலும் விண்ட்வர்ட் பக்கம்தான் உட்கார வேண்டும். காற்று படகைச் சாய்க்கும். உங்கள் எடை அதை நிமிர்த்தும்.

காற்றின் வேகத்தை "நாட்" கணக்கில் சொல்வார்கள். 1 நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோ மீட்டர். ஒன்றை ஞாபகம் வையுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் தள்ளு நாலு மடங்காகும். 10 நாட் காற்றில் சிரித்துக்கொண்டு ஓட்டியவர் 20 நாட் காற்றில் அலறுவது இதனால்தான். அப்போது பாயின் ஒரு பகுதியைச் சுருட்டிக் கட்டிச் சிறிதாக்குவார்கள். அதற்கு "ரீஃப்" என்று பெயர்.

கொல்லிமலை ரோடு மாதிரி

காற்றை எதிர்த்து நேரே எந்தப் பாய்மரப் படகும் போகாது. எதிர்க்காற்றுக்கு இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி வரை போக முடியாத இடம். அதற்குள் நுழைந்தால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு படகு நின்றுவிடும்.

பிறகு எப்படிப் போவது? கொல்லிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகள். மலை உச்சிக்கு நேரே ஏறுகிற வண்டி உண்டா? இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்துதான் ஏறும். படகும் அப்படித்தான். ஒவ்வொரு வளைவிலும் படகின் மூக்கு காற்றைக் கடந்து அந்தப் பக்கம் திரும்பும். இதற்கு "டாக்" என்று பெயர்.

டாக் செய்யப் போகும்போது ஓட்டுகிறவர் "ரெடி அபவுட்" என்று கேட்பார். மற்றவர்கள் "ரெடி" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு "லீ ஹோ" என்பார். எல்லோரும் குனிந்து எதிர்ப்பக்கம் மாறி உட்கார வேண்டும்.

தலையைத் தட்டும் 'ஜைப்'

ஆபத்து எல்லாம் இங்கேதான்.

காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்போது படகு ஓடுவதே தெரியாது. சுகமாக இருக்கும். பாய் ஒரு பக்கமாக முழுக்க விரிந்திருக்கும். அப்போது படகு கொஞ்சம் திரும்பினாலும் போதும். காற்று பாயின் பின்பக்கம் புகுந்து, அதைச் சரேலென்று எதிர்ப்பக்கம் வீசி எறியும். பாயோடு சேர்ந்து பூம் கட்டையும் பறந்து வரும். நின்றுகொண்டிருப்பவர் தலை என்ன ஆகும்?

இதுதான் "ஜைப்". டாக் செய்யும்போது பாய் முதலில் காற்றிழந்து துவளும். கட்டை மெதுவாக வரும். ஜைப் அப்படியல்ல. முழுக் காற்றோடு வரும். வேண்டுமென்று செய்தால் கயிற்றை இழுத்துப் பிடித்து அடக்கிச் செய்யலாம். தெரியாமல் நடந்தால்தான் மண்டை உடைவதும், ஆள் கடலில் விழுவதும், பாய்மரமே முறிவதும் நடக்கிறது.

ஆகவே "ஜைப்" என்று குரல் கேட்டதும் "என்ன சார் சொன்னீங்க?" என்று தலையைத் தூக்கிக் கேட்காதீர்கள். முதலில் குனியுங்கள். அர்த்தத்தை அப்புறம் கேட்கலாம்.

பயம் வந்துவிட்டதா? ஷீட் கயிற்றை விட்டுவிடுங்கள். பாய் காற்றை உதறிவிடும், படகு வேகம் இழந்து நிற்கும். பெரும்பாலும் இது பலிக்கும். காற்று பின்னாலிருந்து வரும்போது மட்டும் பலிக்காது. அந்த நேரத்தில் டில்லரையும் விட்டால் ஜைப் தானாக வந்து சேரும். ஜாக்கிரதை!

யார் யாருக்கு வழி விடுவது?

கடலில் டிராபிக் போலீஸ் இல்லை. ஆனால் சட்டம் இருக்கிறது. 1972-ல் உலக நாடுகள் சேர்ந்து போட்ட மோதல் தடுப்பு விதிகள் அவை.

இரண்டு பாய்மரப் படகுகள் எதிரெதிரே வந்தால், போர்ட் பக்கத்தில் காற்று வாங்குகிற படகு வழி விட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கம் காற்று என்றால், விண்ட்வர்ட் பக்கம் இருப்பவர் ஒதுங்க வேண்டும். முந்துகிறவர் ஒதுங்கித்தான் முந்த வேண்டும்.

"எனக்குத்தான் பாய் இருக்கிறதே, எல்லோரும் எனக்கு வழி விடணும்" என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். வலை போட்டு மீன் பிடிக்கும் படகுக்கு நீங்கள்தான் வழி விட வேண்டும். குறுகிய கால்வாயில் வரும் பெரிய கப்பலுக்குக் குறுக்கே நிற்கவே கூடாது. அதற்கு பிரேக் கிடையாது.

கவிழ்ந்தால் நீந்தி ஓடாதீர்கள்

சின்னப் படகு கவிழ்வது சகஜம். "கேப்சைஸ்" என்பார்கள். பழகும்போதே வேண்டுமென்று கவிழ்த்துக் காட்டுவார்கள். முழுக்கத் தலைகீழானால் அது "டர்ட்டில்". ஆமை மாதிரி முதுகு மட்டும் தெரியும்.

முதல் வேலை தலைகளை எண்ணுவது. எல்லோரும் இருக்கிறார்களா? இரண்டாவது வேலை படகைப் பிடித்துக்கொள்வது. பிறகு சென்டர்போர்டு மேல் ஏறி நின்று எடையைப் போட்டால் படகு நிமிரும்.

பலர் செய்யும் தப்பு, படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்துவது. தண்ணீரிலிருந்து பார்த்தால் கரை பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். போகப் போக வராது. தேடி வருகிறவர்கள் கண்ணுக்குப் படகு தெரியும். தண்ணீரில் ஒற்றைத் தலை தெரிவது கஷ்டம்.

கூட வந்தவர் கடலில் விழுந்தால் "மேன் ஓவர்போர்டு" என்று கத்த வேண்டும். ஒருவர் வேறு வேலை எதுவும் செய்யாமல், விழுந்தவரையே கையால் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் ஆள் அலையில் மறைந்துவிடுவார்.

நாலு வரியில் பிழைத்த உயிர்

2018 செப்டம்பர் 21-ந் தேதி. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தெற்கு இந்தியப் பெருங்கடலில் தனி ஆளாக உலகம் சுற்றும் பந்தயத்தில் போய்க்கொண்டிருந்தார். புயலில் படகு உருண்டது. பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி.

செயற்கைக்கோள் வழியாக அவர் அனுப்பிய செய்தி மிகச் சின்னது. படகு உருண்டது, பாய்மரம் போய்விட்டது, முதுகில் பலத்த காயம், எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. விமானங்கள் பறந்தன, கப்பல்கள் விரைந்தன. 24-ந் தேதி பிரான்ஸ் நாட்டுக் கப்பல் ஒன்று அவரை உயிரோடு மீட்டது.

உயிருக்கு ஆபத்து என்றால் ரேடியோவில் சொல்ல வேண்டிய வார்த்தை "மேடே". மூன்று தடவை சொல்ல வேண்டும். "எனக்கு உதவுங்கள்" என்ற பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது. கடல் ரேடியோவில் 16-வது சேனல் இதற்காகவே எந்நேரமும் கவனிக்கப்படுகிறது. மேடே சொன்னதும் படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். கையில் போன் மட்டும் இருந்தால் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

பெற்றோர் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

பிள்ளையைச் சேர்க்கும் முன் தயங்காமல் கேளுங்கள்:

1. பிள்ளையின் உடம்புக்குப் பொருந்துகிற லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? கரையிலேயே மாட்டி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தலை வழியாகக் கழன்று வந்தால் வேண்டாம்.

2. பக்கத்திலேயே மோட்டார் படகு காவலுக்கு வருமா?

3. கவிழ்ந்தால் என்ன செய்வது என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்களா?

4. எத்தனை நாட் காற்றுக்கு மேல் போனால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள்?

5. வார்த்தைகளைக் கரையில் வைத்துப் பழக்குவார்களா, தண்ணீரில் இறக்கிவிட்டுக் கத்துவார்களா?

கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வார்த்தையைக் கரையில் சொல்லிக் கொடுக்கத் தெரியாதவர் கையில் பிள்ளையைக் கடலில் ஒப்படைக்க வேண்டாம்.